ஒரே குளோன், இரண்டு தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

சத்தில்லாத மண்ணில் எந்த மரம் வளரும் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம். மர இனப்பெருக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததும் எல்லோரும் ஜீன், குளோன் என்று பிடித்துக்கொண்டீர்கள். சரி, சொல்கிறேன். கடிதம் வந்த வரிசையில் இல்லை, எனக்குத் தோன்றிய வரிசையில்.

கேள்வி: அம்மா, வணக்கம். கடலூர் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் ஒன்றரை ஏக்கர் சவுக்கு வைத்திருக்கிறேன். என் மச்சானும் அதே நர்சரியில் அதே குளோன் கன்றை அதே வாரம் வாங்கி நட்டார். அவர் தோட்டம் கருகருவென்று ஆளுயரம் தாண்டிவிட்டது. என்னுடையது எட்டு மாதமாகியும் இடுப்பளவுதான், அதுவும் வெளிர் மஞ்சள். இரண்டு தடவை யூரியாவும் போட்டாயிற்று. குளோன் என்றால் மரபணு ஒன்றுதான் என்று நீங்களே எழுதினீர்கள். நர்சரிக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா?
*(சவுக்கு விவசாயி, கடலூர் மாவட்டம்)*

பதில்: நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். மஞ்சளாக இருக்கிற ஒரு கன்றின் தூரிலிருந்து அரை அடி தள்ளி மேல்மண்ணை மெதுவாகக் கிளறுங்கள். மெல்லிய வேர்களை அறுக்காமல் எடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கொத்துக்கொத்தாகக் கிளைத்த பழுப்பு நிற முடிச்சுகள் தெரிகிறதா? பெரிய மரத்தில் ஒரு கொத்து கைப்பிடி அளவுக்கும் வரும். உங்கள் வயதுக் கன்றில் பட்டாணி அளவு இருந்தாலே போதும். அப்புறம் மச்சான் தோட்டத்திலும் ஒரு கன்றை அதேபோலப் பாருங்கள். அவர் வேரில் முடிச்சு இருக்கும், உங்கள் வேரில் இருக்காது என்பது என் ஊகம். அவர் நிலத்தில் இதற்கு முன்பும் சவுக்கு இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார்.

காரணம் இதுதான். சவுக்கு பயறுக் குடும்பத்து மரம் அல்ல. ஊசி ஊசியாக இருப்பதைப் பார்த்துப் பைன் மரத்துக்கு உறவு என்று நினைப்பவர்கள் உண்டு, அதுவும் இல்லை. நாம் இலை என்று நினைக்கும் ஊசி உண்மையில் பச்சை நிறச் சிறு கிளை. நிஜ இலைகள் ஒவ்வொரு கணுவிலும் பல்வரிசையாகச் சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கணுவைப் பிய்த்து உருப்பெருக்கியில் பாருங்கள், தெரியும். சவுக்கின் உறவு ஓக், வால்நட், ஆல்டர் மரங்களோடு. இதன் வேரில் குடியிருப்பது பயறு வகை வேரில் இருக்கும் ரைசோபியம் அல்ல, பிராங்கியா என்கிற, இழை இழையாக வளரும் பாக்டீரியா. காற்றில் 78 சதவீதம் தழைச்சத்துதான், அதாவது நைட்ரஜன். ஆனால் எந்த மரமும் அதை நேரடியாக எடுக்க முடியாது. பிராங்கியா அதைப் பிடித்து அம்மோனியாவாக மாற்றிக் கொடுக்கிறது. பதிலுக்கு மரம் சர்க்கரை கொடுக்கிறது.

இந்த பிராங்கியா ஏதோ ஒன்று போதாது. சவுக்குக் குடும்பத்தோடு சேரும் பிராங்கியா மற்ற மரங்களை அவ்வளவாகச் சீண்டாது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு ரகத்தின் மரபுத்தொகுதி, அதாவது அதன் மொத்த டிஎன்ஏ, 2007-இல் படிக்கப்பட்டது. சுமார் 54 லட்சம் எழுத்துகள்தான். பலவகை மரங்களோடு கூட்டுச் சேரும் வேறொரு பிராங்கியாவுக்கு ஏறக்குறைய 90 லட்சம். சவுக்கை நம்பியே வாழ்ந்ததில் மற்றதைத் தொலைத்துவிட்டது என்று சொல்லலாம். சவுக்கு நமக்கு வெளியிலிருந்து வந்த மரம். அதனால் சவுக்கையே பார்க்காத ஒரு வயலில் அதற்கேற்ற பிராங்கியா இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இனி உங்கள் மரபணுக் கேள்வி. உங்கள் கன்றிலும் மச்சான் கன்றிலும் அதே மரபணுக்கள்தான் இருக்கின்றன. உங்கள் கன்றில் அவற்றில் சில வேலைக்குக் கூப்பிடப்படவே இல்லை. வேர் மேல்தோலில் சிம்ஆர்கே என்று ஒரு புரதம் உண்டு. பிராங்கியா அனுப்பும் ரசாயனச் சைகை வந்து சேர்ந்ததும், அந்தப் புரதம் இருக்கும் பாதை வழியாகச் செய்தி உள்ளே போகிறது. செல்லின் உட்கருவில் கால்சியம் ஏறி இறங்கித் துடிக்கிறது. அந்தத் துடிப்பைப் படிக்க ஒரு புரதம், அது தூண்டிவிட ‘நின்’ என்கிற மரபணு. ‘நின்’ விழித்தால்தான் பக்கவேர் முளைக்க வேண்டிய இடத்தில் முடிச்சு உருவாகத் தொடங்கும். பிரான்ஸின் மோன்பெல்லியே நகர ஆய்வாளர்கள் இதைச் சவுக்கின் உறவு மரம் ஒன்றில் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். சிம்ஆர்கேயின் வாயை அடைத்துவிட்டால் அந்த மரத்தில் முடிச்சு சரியாக வரவில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது சோதனையின் மறுபாதி. சிம்ஆர்கே கெட்டுப்போன ஒரு பயறுச் செடிக்குச் சவுக்கின் சிம்ஆர்கேயைக் கொடுத்தார்கள். அந்தச் செடியில் மறுபடி முடிச்சு வந்தது. பாக்டீரியா வேறு, குடும்பம் வேறு, ஆனால் வேரின் கதவு ஒன்றுதான். மண்ணிலிருந்து சத்தை எடுத்து வேருக்குக் கொடுக்கும் வேர்ப்பூஞ்சை உள்ளே வருவதற்கும் இதே கதவுதான். அது 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையானது.

குளோன் கன்றை வெட்டுத்துண்டிலிருந்து வேர்விட வைத்து, தென்னை நார்க்கழிவு மாதிரி சுத்தமான ஊடகத்தில் வளர்க்கிறார்கள். நோய் வரக் கூடாது என்று சுத்தம் பார்ப்பதில் பிராங்கியாவும் வராமல் போய்விடுகிறது. சில நர்சரிகள் பிராங்கியா கலவை ஊற்றித் தருகின்றன, பல தருவதில்லை. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கேட்டு வாங்குபவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

யூரியா விஷயம். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் மணலில் அடுத்த நல்ல மழைக்கே பெரும்பகுதி வேருக்குக் கீழே இறங்கிப் போகும். போகாமல் நின்ற பங்கு வேறொரு வேலை செய்யும். யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும். வேரைச் சுற்றி அந்த நைட்ரேட் தாராளமாக இருந்தால் முடிச்சு போட வேண்டாம் என்று மரம் முடிவு செய்துவிடும். இலவசமாகக் கிடைக்கும்போது எதற்குச் சர்க்கரையைச் செலவழிக்க வேண்டும்?

செய்ய வேண்டியது: மச்சான் தோட்டத்தில் நோயில்லாத, நல்ல பச்சையான மரங்களின் வேரிலிருந்து புது முடிச்சுகளைச் சேகரியுங்கள். வாடல் நோய் கண்ட தோப்பு என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், முடிச்சோடு நோயும் வரும். வெயில் படாமல் ஈரத்துணியில் வைத்துக் கொண்டுவந்து, கழுவி, அன்றைக்கே அம்மியில் நசுக்கி, குளோரின் கலக்காத தண்ணீரில் கரைத்து, மண் ஈரமாக இருக்கும்போது வேரடியில் ஊற்றுங்கள். கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டும் தொழுவுரமும் வையுங்கள். மணிச்சத்து இல்லாமல் முடிச்சு வேலை செய்யாது. யூரியாவை நிறுத்துங்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும். அடுத்த முறை நடும்போது இந்த வேலையை நாற்றுப் பருவத்திலேயே முடித்துவிடுங்கள். கோவையில் 1988-இல் தொடங்கிய வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனத்தில் சவுக்குக்கான பிராங்கியா பற்றி நிறைய வேலை நடந்திருக்கிறது. அங்கே கேட்டாலும் வழி சொல்வார்கள்.

கேள்வி: மேடம், நான் பிளஸ் டூ உயிரியல் மாணவி. சத்து குறைந்த மண்ணிலும் மரத்தை வளரவைக்கும் ஒரு ‘மாஸ்டர் ஜீனை’க் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று படித்தேன். அப்படி ஒரு ஜீன் உண்மையிலேயே இருக்கிறதா?
*(விழுப்புரம்)*

பதில்: நீ படித்தது பாப்லர் மரத்தைப் பற்றியதாக இருக்கும். ஒரே ஜீன் என்று எழுதினால்தான் செய்தி விற்கும். ஆனால் அந்த ஆய்வின் சுவாரசியமே, அது ஒரு ஜீன் இல்லை என்பதில்தான் இருக்கிறது.

முதலில் பாப்லர் ஏன் என்று சொல்கிறேன். மரங்களில் முதன்முதலாக முழு மரபுத்தொகுதி படிக்கப்பட்டது பாப்லருக்குத்தான், 2006-இல். வெட்டுத்துண்டு வைத்தால் வேர்விடும், வேகமாக வளரும். ஆய்வுக்கூடங்களில் 717-1பி4 என்று ஒரு கலப்பின பாப்லரை வைத்துக்கொண்டிருப்பார்கள். வெளி ஜீனைச் சொன்ன பேச்சு கேட்டு வாங்கிக்கொள்ளும் மரம் அது. எங்கள் சவுக்கும் இப்படி இருந்திருந்தால் என் தலைமுடி இன்னும் கொஞ்ச நாள் கறுப்பாக இருந்திருக்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விக்டர் புசோவ், ஹைரோங் வெய் குழுவினர் பாப்லரைத் தழைச்சத்து குறைந்த ஊடகத்துக்கு மாற்றிவிட்டு, வேரில் எந்த ஜீன் எப்போது எழுகிறது, எது தூங்குகிறது என்று மணிக்கணக்கு வைத்துப் பார்த்தார்கள். பட்டினி போட்டால் வேர் சுருங்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறாக, வேர் நீண்டது, கிளைத்தது. கையில் காசு குறைந்த குடும்பம் வெள்ளையடிப்பதைத் தள்ளிப்போட்டுக் கிணற்றை ஆழப்படுத்துகிற மாதிரி, மரம் மேலே செலவழிப்பதைக் குறைத்துக் கீழே போடுகிறது.

இந்த முடிவுக்குப் பின்னால் ஒரு சங்கிலி இருந்தது. ஒரு ஜீன் பத்தைத் தட்டி எழுப்ப, அவை இன்னும் பலவற்றை எழுப்புகின்றன. அந்தச் சங்கிலியில் முக்கியமான கண்ணியாக ‘நாக்-1’ என்ற ஜீனை 2013-இல் காட்டினார்கள். 2015-இல் ‘ராப் 2.11’ என்ற இன்னொன்று வந்தது. இரண்டுமே தானாக எதையும் கட்டுவதில்லை, மற்ற ஜீன்களை இயக்குபவை. நாக்-1 ஜீனைக் கூடுதலாக இயக்கிய பாப்லர்கள் தழைச்சத்துக் குறைவிலும் வேரை நன்றாக வளர்த்தன. ‘மாஸ்டர்’ என்ற பட்டம் இங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

நீ அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சத்து குறைவு என்று மரத்துக்கு எப்படித் தெரியும்? இதற்கான பதில்கள் பெரும்பாலும் அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு களைச்செடியிலிருந்து வந்தவை. வேரில் நைட்ரேட்டை உள்ளே இழுக்கும் என்ஆர்டி 1.1 என்ற புரதமே, வெளியில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வேலையையும் செய்கிறது என்று 2009-இல் காட்டினார்கள். அந்தப் புரதத்தின் ஒரே ஓர் இடத்தில் பாஸ்பேட் ஒட்டினால் கொஞ்சநஞ்ச நைட்ரேட்டையும் விடாமல் பிடிக்கும். பாஸ்பேட் கழன்றால் தாராளமாக இருக்கும்போது மட்டும் எடுக்கும். 2022-இல், செல்லுக்குள்ளேயே நைட்ரேட்டை நேரடியாகப் பிடித்து உணரும் ‘என்எல்பி 7’ என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். முன் பதிலில் சொன்ன ‘நின்’ ஞாபகம் இருக்கிறதா? என்எல்பி என்பதே ‘நின் போன்ற புரதம்’ என்பதன் சுருக்கம். மண்ணில் சத்தை உணரும் குடும்பமும் முடிச்சு போடவைக்கும் குடும்பமும் ஒன்றுதான். ஒரு பழைய கருவியைச் செடிகள் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் கண்டது இன்னும் அழகு. வேரின் ஒரு பக்கம் சத்தில்லாத மண்ணில் மாட்டிக்கொண்டால், அங்கிருந்து சிறு புரதத்துண்டு ஒன்று தண்டு வழியாக மேலே இலைக்குப் போகிறது. இலை பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் பட்டினி கிடக்கும் வேருக்கு மட்டும் அல்ல, சத்து இருக்கும் பக்கத்து வேருக்கும் போய், ‘நீ கூடுதலாக எடு’ என்று சொல்கிறது. மூளை இல்லை, நரம்பு இல்லை, எப்படி நிர்வாகம் பார்!

இதையெல்லாம் எழுதக் காரணம், தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு ‘நாக்-1’ என்று எழுதிவிட்டு நீ நிம்மதியாக இருக்கக் கூடாது என்பதுதான்.

கேள்வி: புளியமரம் பயறுக் குடும்பம் என்று மாணவர்களுக்குப் பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்படியானால் அதன் வேரிலும் முடிச்சு இருந்து மண்ணுக்குத் தழைச்சத்து சேர வேண்டும் அல்லவா? ஆனால் புளிய மரத்தடியில் எதுவும் விளையாது என்றுதானே நம்மூரில் சொல்கிறார்கள்?
*(ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி)*

பதில்: ஐயா, குடும்பம் சரி, முடிச்சு கிடையாது. புளி, சரக்கொன்றை, செக்கச் செவேலென்று பூக்கும் குல்மொஹர், மூன்றும் பயறுக் குடும்பம். மூன்றின் வேரிலும் முடிச்சு வருவதில்லை. புங்கன், வாகை, கருவேலம், அகத்தி, கிளிரிசிடியா, கொடுக்காப்புளி, வேங்கை இவற்றில் வரும்.

ஏன் இப்படி? முன்பெல்லாம், புளி போன்றவை இந்தக் கலையைக் கற்றுக்கொள்ளவே இல்லை என்று நினைத்தோம். 2018-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு வேறு படம் காட்டியது. பயறு, ரோஜா, பூசணி, ஓக் என்ற நான்கு பெரிய பிரிவுகளில் மட்டும்தான் முடிச்சு போடும் செடிகள் சிதறிக் கிடக்கின்றன. பத்துச் செடிகளின் மரபுத்தொகுதியைப் புதிதாகப் படித்து, முன்பே படித்தவற்றோடு ஒப்பிட்டார்கள். முடிச்சு போடாத பல செடிகளில் ‘நின்’ காணாமல் போயிருந்தது, அல்லது உடைந்து கிடந்தது. இல்லாததைப் பெறவில்லை என்பதைவிட, இருந்ததை வெவ்வேறு காலத்தில் தனித்தனியாகத் தொலைத்தார்கள் என்று வாசிப்பதே பொருந்துகிறது.

தொலைத்தது முட்டாள்தனமா என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க மட்டும் 16 ஏடிபி செலவு. ஏடிபி என்பது செல்லின் ஆற்றல் நாணயம். மண்ணில் சத்து இருக்கும் இடத்தில் வாழும் மரத்துக்கு இது தண்டச்செலவு. புளி மரத்தடியில் விளையாததற்கு அடர்ந்த நிழலே போதுமான காரணம். பேய் மேல் பழி வேண்டாம்.

கேள்வி: முடிச்சு அதிகம் இருக்கும் மரமாகத் தேர்ந்தெடுத்து நட்டால் வளர்ச்சியும் அதிகமாக இருக்குமா?
*(வேதாரண்யம்)*

பதில்: இருக்காது. எத்தனை முடிச்சு போதும் என்று கணக்கு வைக்கும் ஜீன் உண்டு. அது கெட்டுப்போன பயறுச் செடிகளில் முடிச்சு கட்டுக்கடங்காமல் வரும், செடி குட்டையாகிவிடும். எல்லாச் சர்க்கரையும் முடிச்சுக்கே போய்விடுகிறது. நடுத்தரமாக, உள்ளே வெட்டிப் பார்த்தால் சிவப்புச் சாயல் தெரியும் முடிச்சுகள் இருந்தால் திருப்திப்படுங்கள். அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவுப் புரதத்தால் வருவது. முற்றிக் கறுத்து நொறுங்குவது கணக்கில் வராது.

கேள்வி: நான் சியாட்டலில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஊர் தேனி. இங்கே ஆற்றோரம் வெறும் கூழாங்கல் மேட்டில் மண்ணே இல்லாத இடத்தில் பாப்லர் மரங்கள் தளதளவென்று நிற்கின்றன. பாப்லர் வேரில் முடிச்சு வராது என்று படித்திருக்கிறேன். அப்புறம் சத்து எங்கிருந்து வருகிறது, அம்மா?

பதில்: நல்ல இடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டிருக்கிறீர்கள், தம்பி. உங்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷாரன் டோட்டி இதே கேள்வியோடு உங்களுக்குப் பக்கத்திலேயே ஓடும் ஸ்னோகுவால்மி ஆற்றங்கரைக்குப் போனவர். அவர் குழு பாப்லரின் கிளைகளுக்குள்ளேயே வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தது. முடிச்சு என்று தனி வீடு எதுவும் இல்லை. திசுக்களுக்கு இடையில் குடியிருந்துகொண்டு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கின்றன. 2016-இல் வந்த அவர்கள் கட்டுரையில், மரத்துக்கு மரம், கிளைக்குக் கிளை இந்த வேலை ஏறி இறங்குகிறது என்று காட்டினார்கள். மரத்தின் மொத்தத் தேவையில் இது எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். சந்தேகப்படுபவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. முடிச்சுக்குள் ஆக்சிஜனைக் கட்டுப்படுத்த மரம் அவ்வளவு ஏற்பாடு செய்கிறது. ஏற்பாடே இல்லாத இடத்தில் தழைச்சத்தைப் பிடிக்கும் நொதியான, ஆக்சிஜன் பட்டால் முடங்கிவிடும் நைட்ரஜனேஸ் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பது அவர்கள் கேள்வி. என்னைக் கேட்டால், அந்தக் கூழாங்கல் மேட்டில் நிற்கும் மரங்களைப் பார்த்தபின் டோட்டியின் பக்கம் கொஞ்சம் சாயத்தான் தோன்றும்.

இன்னொன்று, முதலில் மரபுத்தொகுதி படிக்கப்பட்ட பாப்லரும் உங்கள் மாநிலத்து மரம்தான். நிஸ்குவாலி-1 என்று பெயர், அங்கே ஓடும் ஆற்றின் பெயர்.

கேள்வி: சவுக்கு மண்ணை வளப்படுத்துகிறது என்று எழுதுகிறீர்கள். எங்கள் ஊர்த் தோப்பில் ஒரு புல்கூட முளைப்பதில்லை. மூன்று முறை சவுக்கு எடுத்த நிலம் முன்னைவிட மோசமாகத்தான் இருக்கிறது. பேப்பர் மில்லுக்காக எழுதுகிறீர்களா?
*(பெயர் வேண்டாம், மரக்காணம்)*

பதில்: பேப்பர் மில் எனக்குக் காலண்டர்கூடக் கொடுத்ததில்லை. ஆனால் நீங்கள் கண்ணால் பார்த்ததை மறுக்க மாட்டேன். இரண்டும் உண்மை.

சவுக்கு பிடிக்கும் தழைச்சத்து முதலில் மரத்துக்குள் போகிறது. அது மண்ணுக்கு வர வேண்டுமானால் சருகு விழுந்து மக்க வேண்டும். சவுக்குச் சருகு மக்குவது மெதுவாகத்தான். அதனால்தான் புல் முளைக்காத மெத்தை. அந்த மெத்தையையும் அடுப்புக்கு வாரிக்கொண்டு போகிறோம். நாலாம் வருடம் மரத்தை வெட்டும்போது கொப்பும் மிலாறும் விறகுக்குப் போகின்றன, கடைசியில் வேர்க்கட்டையையும் தோண்டி விற்கிறோம். மரத்தில் தழைச்சத்து செறிந்திருப்பது ஊசியிலும் பட்டையிலும்தான், நடுக்கட்டையில் குறைவு. ஆக, கொண்டுவந்ததை விட்டுவைக்காமல் வழித்துவிட்டு மரத்தைக் குற்றம் சொல்கிறோம். தழைச்சத்தையாவது மரம் காற்றிலிருந்து பிடிக்கும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அப்படி வராது. வெட்டிய மரத்தோடு அவை போய்க்கொண்டே இருக்கும். மூன்று அறுவடை தாண்டிய உங்கள் நிலத்துக்கு இதுதான் நடந்திருக்கும்.

வழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய்த் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். எரிமலைச் சாம்பலில் தழைச்சத்து கிட்டத்தட்ட இல்லை. அங்கே ‘ஓஹியா’ என்ற உள்ளூர் மரம் அந்த வறுமைக்குப் பழகி மெதுவாக வளர்ந்தது. அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ், மதீரா தீவுகள் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஃபாயா என்ற, பிராங்கியாவோடு கூட்டுச் சேரும் மரம் எரிமலைப் பூங்காவுக்குள் புகுந்தது. 1987-இல் பீட்டர் விட்டவுசெக்கும் சகாக்களும் அது அந்த மண்ணின் தழைச்சத்தையே மாற்றிக்கொண்டிருப்பதை அளந்து காட்டினார்கள். மண் வளமானது அங்கே நல்ல செய்தி அல்ல. வறுமைக்குப் பழகிய உள்ளூர்ச் செடிகளுக்கு அதுவே ஆபத்து. ஃப்ளோரிடாவில் நம் சவுக்கையே களையாக அறிவித்து வெட்டுகிறார்கள். அதனால் கடலோர மணற்குன்றுகளில் எல்லாம் சவுக்கு வைக்கலாமா என்று யாராவது கேட்டால், உங்களைவிடக் கடுமையாக நானே வேண்டாம் என்பேன். வயல் வேறு, மணற்குன்று வேறு.

உங்கள் நிலத்தில் அடுத்த தடவை கொப்பையும் ஊசியையும் அங்கேயே போட்டு மூடாக்காக விடுங்கள். பட்டையை வயலிலேயே உரிக்க முடிந்தால் உரியுங்கள். ஒரு போகம் சவுக்கை விட்டு எள்ளோ நிலக்கடலையோ போடுங்கள்.

கேள்வி: எந்த குளோன் சத்தில்லாத மண்ணுக்கு நல்லது? பெயரை மட்டும் சொல்லுங்கள், போதும்.
*(அரியலூர்)*

பதில்: பெயரை மட்டும் சொன்னால் உங்களுக்குத்தான் நஷ்டம். சோதனைத் திடலில் உரமும் சொட்டுநீரும் கொடுத்து முதலிடம் வந்த குளோன், வறண்ட மேட்டுநிலத்தில் நடுவரிசைக்குப் போவதை வேலைக்காலத்தில் பார்த்துக்கொண்டே இருந்தோம். தாராளமாகக் கிடைக்கும்போது வேகமாக வளரவைக்கும் ஜீன்களும், இல்லாதபோது சமாளிக்கவைக்கும் ஜீன்களும் ஒரே கூட்டம் அல்ல. உங்கள் ஊர் செம்மண்ணா, சுண்ணாம்பு மண்ணா என்பதும் சேரும். சுண்ணாம்பு மண்ணில் தழைச்சத்துக் குறைவைவிட இரும்புச்சத்துக் குறைவுதான் முதலில் சவுக்கை மஞ்சளாக்கும். மூன்று நான்கு குளோன்களை வரிசை வரிசையாக நட்டு உங்கள் நிலத்திலேயே பாருங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியது, ‘இது எவ்வளவு விளைந்தது’ என்பதல்ல. ‘எந்த மண்ணில், எத்தனை உரத்தில் விளைந்தது’ என்பது. ஒரே குளோனை ஊர் முழுக்க நடுவதும் வேண்டாம். ஒரு நோய் வந்தால் ஊரே போகும்.

கேள்வி: சவுக்கின் முடிச்சு ஜீனைத் தேக்கில் வைத்தால் உரமே இல்லாமல் தேக்கு வளருமே! ஏன் இன்னும் யாரும் செய்யவில்லை?
*(பொறியியல் மாணவர், திருச்சி)*

பதில்: ஆசை எல்லோருக்கும் இருக்கிறது, தம்பி. தேக்கு துளசி, நொச்சி இருக்கும் பிரிவைச் சேர்ந்தது. முடிச்சு போடும் நான்கு பிரிவுகளுக்கு வெளியே. வேர்ப்பூஞ்சைக்கான கதவு தேக்கிலும் இருக்கிறது. அந்தக் கதவைத் தாண்டி முடிச்சு என்ற உறுப்பைக் கட்ட, உள்ளே பாக்டீரியாவை உயிரோடு வைத்திருக்க, ஆக்சிஜனைக் கட்டுப்படுத்த, கிடைத்த அம்மோனியாவை வாங்கிக்கொள்ள என்று வரிசையாக ஜீன்கள் தேவை. எல்லாம் சரியான நேரத்தில், சரியான செல்லில் இயங்க வேண்டும். கொஞ்சம் எளிதான பாதை, முன்பு இருந்து தொலைத்த மரத்தில் திருப்பி வைப்பது. பாராஸ்போனியா என்ற மரம் பயறுக் குடும்பத்துக்கு வெளியே ரைசோபியத்தோடு முடிச்சு போடும் ஒரே கூட்டம். அதன் நெருங்கிய உறவான ட்ரெமாவில் ‘நின்’ உடைந்து கிடக்கிறது என்று நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். ட்ரெமா நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. சோதனை அங்கே தொடங்கும், தேக்கில் அல்ல.

முடிச்சை விட்டுவிட்டு வேறு வழியிலும் முயன்றிருக்கிறார்கள். கிடைத்த தழைச்சத்தைச் செல்லுக்குள் சேர்க்கும் குளுட்டமின் சின்தடேஸ் என்ற நொதியின் ஜீனைப் பைன் மரத்திலிருந்து எடுத்து பாப்லரில் வைத்தார்கள். 2004-இல் வெளியான திறந்தவெளிச் சோதனையில் அந்த மரங்கள் சாதாரண பாப்லரைவிட உயரமாக வளர்ந்தன. ஆனாலும் அது வணிகத்துக்கு வரவில்லை. சீனாவில் 2002 முதல் புழு தாக்காத மரபணு மாற்ற பாப்லர் நடுகிறார்கள். அது வேறு குணத்துக்காக. இந்தியாவில் மரபணு மாற்ற ரப்பர் கன்று ஒன்றை 2021-இல் அசாமில் சோதனைக்காக நட்டார்கள். மகரந்தம் காற்றில் மைல் கணக்கில் போகும், ஐம்பது வருடம் நிற்கும் மரத்துக்கு அனுமதி கொடுக்க அவசரப்படாததில் எனக்கு வருத்தம் இல்லை.

உரமில்லாத தேக்கு வேண்டுமென்றால் இன்றைக்கே ஒன்று செய்யலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் யூகலிப்டஸையும் முடிச்சு போடும் வேலமரம் ஒன்றையும் பாதிக்குப் பாதி கலந்து நட்டார்கள். 11 ஆண்டில் அந்தக் கலப்புத் தோப்பின் மொத்த எடை, தனி யூகலிப்டஸ் தோப்பைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. உங்கள் தேக்கு வரிசைகளுக்கு நடுவே கிளிரிசிடியா வையுங்கள். அது தேக்கைத் தாண்டி உயர விடாமல், மழைக்காலத்தில் கவாத்து செய்து தழையைத் தேக்கின் தூரிலேயே போடுங்கள்.